நான் எடுக்காத இலை

அப்பா,

என் வலது கையில் சோப்பு வாசனை அடிக்கிறது. ரோஜாப்பூ மாதிரி ஆரம்பித்து மருந்துக்கடை மாதிரி முடிகிற வாசனை. மதியம் கழுவிய கை. இப்போது தெருவிளக்கு எரிய ஆரம்பித்துவிட்டது, இன்னும் போகவில்லை. எழுதுவதை நிறுத்தி நிறுத்தி மோந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இது எந்தச் சோப்பு என்று உனக்குத் தெரியாது. பச்சைக் கதவு மெஸ்ஸில் சமையலறைக்குப் போகும் வழியில் கண்ணாடி வைத்த வாஷ்பேசின் இருக்கிறதே, அதன் ஓரத்தில் நீல டப்பாவில் இருக்கும் ரோஸ் சோப்பு. அந்தக் கண்ணாடிக்கு மேலே எரியும் டியூப்லைட்டை மாட்டியது நீ. ஆனால் அங்கே நீ ஒரு நாளும் கை கழுவியதில்லை. நானும் இன்று வரைக்கும் கழுவியதில்லை. நாம் கழுவியது பின்சந்துக் குழாயில்.

உனக்கு அன்பாக ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று பல நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். நீ போன பிறகு எல்லோரும் உன்னைப் பற்றி நல்லதாகவே பேசுகிறார்கள், நானும் அப்படியே எழுதுவேன் என்றுதான் நினைத்தேன். இன்றைக்கு உட்கார்ந்தால் அப்படி வரவில்லை. எனக்கு உன் மேல் கோபமாக இருக்கிறது. பச்சைக் கதவு மெஸ்ஸின் மேல் இருக்கும் கோபம் தனி. அதை அவர்களிடமே காட்டிவிட்டு வந்துவிட்டேன். உன் மேல் உள்ளதைக் காட்ட நீ இல்லை. அதனால் எழுதுகிறேன்.

சனிக்கிழமைகளை நினைத்துப் பார். காலையில் வேலைக்குப் போகும் வழியில் என்னை நூலகத்தில் இறக்கிவிடுவாய். மதியம் வாசலில் வண்டியை நிறுத்தி இரண்டு தரம் ஹாரன் அடிப்பாய். நான் எடுத்த புத்தகங்களை வாங்கி உன் சாமான் பையில், டெஸ்டருக்கும் வயர்ச் சுருளுக்கும் நடுவில் பத்திரமாக வைப்பாய். வீட்டுக்கு வரும்போது புத்தகமெல்லாம் இன்சுலேஷன் டேப் வாசனை அடிக்கும். நூலகத்தில் இருக்கும் அக்கா ஒரு முறை புத்தகத்தை வாங்கி மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "இன்னாமா, புக்குக்கு கரண்ட் கனெக்சன் குடுத்துக்கினு வந்தியா?" என்று கேட்டாள். நான் அதை உன்னிடம் வந்து சொன்னேன். நீ அந்த வாரம் முழுவதும் அதை எல்லோரிடமும் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாய்.

நூலகத்திலிருந்து நேராக மெஸ். அது ஒரு வீடு. பட்டுக்கடைத் தெருவுக்குப் பின்னால், பெயர்ப் பலகைகூட இல்லாமல், பச்சைக் கதவில் 'சாப்பாடு தயார்' என்று ஓர் அட்டை மட்டும் தொங்கும். முன்கூடத்தில் நீள மேசைகள். கல்லாவில் வீட்டுக்காரரான மெஸ்காரர். பரிமாறுவது அவருடைய மனைவி சாந்தாக்கா. உள்ளே சமைப்பது அவருடைய தம்பி. அவரை நான் பார்த்ததில்லை, தாளிக்கும் சத்தத்தை மட்டும் கேட்டிருக்கிறேன். சாப்பிட்ட இலையை எடுத்து மேசை துடைக்க வெளியிலிருந்து வேலைக்கு வருகிற கன்னியம்மா. அவ்வளவுதான் மெஸ்.

மஞ்சள் பிளாஸ்டிக் டோக்கன் ஒன்று வாங்கினால் வயிறு நிறையும் வரைக்கும் சாப்பாடு. என்ன வேண்டும் என்று யாரும் கேட்க மாட்டார்கள். அன்றைக்கு என்ன கொதித்ததோ அதுதான். கத்தரிக்காய் காரக்குழம்பு என்றால் எல்லா இலையிலும் கத்தரிக்காய் காரக்குழம்பு. உனக்கு அந்த மெஸ் பிடித்ததற்குக் காரணமே அதுதான் என்று சொல்வாய்.

"தோ பாரு, அந்த மேசையில வக்கீலு. இந்தப் பக்கம் பொடவ கடை மொதலாளி. நடுவுல நானு. அவங்களுக்கும் அதே கொழம்பு, எனக்கும் அதே கொழம்பு. ஒரே வெல. ஒருத்தருக்கு ஏத்தி, ஒருத்தருக்கு எறக்கி, அந்தப் பேச்சே கெடையாது."

குடிமையியல் பாடத்தில் சமத்துவம் வந்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது பச்சைக் கதவு மெஸ்தான். பரீட்சையில் 'அன்றாட வாழ்விலிருந்து ஓர் எடுத்துக்காட்டு தருக' என்று கேட்டிருந்தார்கள். நான் மெஸ்ஸைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேன். வக்கீல், முதலாளி, எலக்ட்ரீசியன், ஒரே மேசை, ஒரே விலை என்று. டீச்சர் அதை வகுப்பில் படித்துக் காட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள். நீ அந்தத் தாளை வாங்கி, சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டாய். ஒரு வார்த்தை பேசவில்லை. பெருமையில் பேச்சு வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது உன் மனதில் என்ன ஓடியது, அப்பா? நான் தப்பு விடை எழுதி வந்திருக்கிறேன் என்று உனக்குத் தெரியும். டீச்சருக்குத் தெரியவில்லை, உனக்குத் தெரியும். ஏன் திருத்தவில்லை?

சாப்பிட்டு முடித்ததும் எல்லோரும் இலையை மடித்துவிட்டு எழுந்து உள்பக்கம் போவார்கள். கண்ணாடியில் மீசையைப் பார்த்துக்கொண்டே கை கழுவுவார்கள். நீ மட்டும் உன் இலையை நான்காக மடித்து, என் இலையையும் அதன் மேல் வைத்து, சாம்பார் சொட்டாமல் அடியில் இடது கையைக் கொடுத்து, பக்கவாட்டு நடை வழியாகப் பின்சந்துக்குக் கொண்டுபோவாய். அங்கே சிமென்ட் தொட்டி. தொட்டிக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு செவலை மாடு நிற்கும். உன்னைப் பார்த்தால் தலையை ஆட்டும். அந்த மாட்டுக்காகவே எனக்கு அந்தச் சந்து பிடிக்கும். குழாயில் நீ எனக்குக் கை கழுவிவிடுவாய். மற்ற பிள்ளைகள் உள்ளே வரிசையில் நின்று கை கழுவும்போது நமக்கு மட்டும் தனிக் குழாய், தனி மாடு என்று நான் சந்தோஷப்பட்டேன்.

ஒரு நாள் கேட்டேன். "ஏம்பா அவங்கள்லாம் எடுக்க மாட்டேன்றாங்க?"

நீ யோசிக்கவே இல்லை. "நாம துன்ன எச்சில இன்னொருத்தர் கையில எடுக்க வெக்கறது மரியாத இல்லமா. அவங்களுக்குத் தெரியல. நமக்குத் தெரியுது."

நமக்குத் தெரிகிறது. அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நான் எவ்வளவு உயரத்தில் ஏறி உட்கார்ந்திருந்தேன் தெரியுமா. இலையை விட்டுவிட்டுப் போகிறவர்களைப் பார்த்து மனதுக்குள் பாவம் என்று நினைப்பேன். பள்ளிச் சுற்றுலாவில் மொத்த வகுப்பையும் நிற்க வைத்து, அவரவர் இலையை அவரவர் எடுக்க வேண்டும் என்று அதிகாரம் செய்தேன். "எங்கப்பா சொல்லுவாரு" என்று ஆரம்பித்து ஒரு சின்னச் சொற்பொழிவே ஆற்றினேன்.

அப்புறம் அந்த நாள். ஆறாம் வகுப்புக்குப் போயிருந்தேன். இருவரும் சாப்பிட்டு முடித்தோம். உன் இலையை மடித்தாய். என் இலையைத் தொடாமல் என்னைப் பார்த்தாய்.

"இன்னியிலேர்ந்து உன் இலைய நீயே எடு. பெரிய பொண்ணாயிட்ட இல்ல."

நான் எடுத்தேன். ரசம் சொட்டிப் பாவாடையில் பட்டது. அதைக்கூடத் துடைக்காமல் நிமிர்ந்து நடந்தேன். வழியில் சாந்தாக்கா பார்த்து, "பரவால்லியே, பாப்பாவும் கத்துக்கிச்சே" என்றாள். எனக்குக் காலே தரையில் படவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன், இன்றைக்கு என் இலையை நானே எடுத்தேன் என்று. அம்மா தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்கி உன்னைப் பார்த்தாள். நீ செருப்பைக் கழற்றுவதில் மும்முரமாக இருந்தாய்.

அந்த ஒரு காட்சியை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவமானத்தை எடுத்து, துடைத்து, மடித்து, பதக்கம் மாதிரி என் கழுத்தில் மாட்டினாய். நான் குனிந்து கொடுத்தேன்.

போன தை மாதம் நீ வேலையிலிருந்து வந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டாய். மறுநாள் மெஸ்காரர் வந்தார். பெரிய மாலை. காலனி முனையில் வண்டியை நிறுத்திவிட்டு நடந்து வந்தார். வாசலுக்கு வெளியிலேயே நின்று மாலையை உன் தம்பியிடம் கொடுத்தார். பக்கத்து வீட்டு அண்ணன் டீ நீட்டினார். "இப்பதான் குட்ச்சிட்டு வந்தேன் பா" என்றார் மெஸ்காரர். கண் கலங்கியிருந்தது, அது பொய் இல்லை. அவசரத்தில் இருக்கிறார், கடையைத் திறக்க வேண்டுமே என்று நான் நினைத்துக்கொண்டேன். அவ்வளவு புத்தகம் படிக்கிறவள், கண்ணுக்கு முன்னால் நடந்ததைப் படிக்கவில்லை.

போன மாதம் மாவட்ட அளவில் ஒரு வினாடி வினா. நானும் என் வகுப்பு ஹரிணியும் ஒரே அணி. ஜெயித்துவிட்டோம். ஹரிணியின் அப்பா பட்டுக்கடையில் கணக்கு பார்க்கிறவர், ரொம்ப நல்ல மாதிரி. "ரெண்டு பேருக்கும் ட்ரீட். எங்க போலாம், சொல்லுங்க" என்றார். ஹரிணி வாயைத் திறப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன், பச்சைக் கதவு மெஸ். நீ போன பிறகு நான் அங்கே போகவில்லை. நாம் உட்காரும் அந்த ஃபேனுக்கு அடியில் ஒரு முறை உட்கார வேண்டும் என்று ஆசையாக இருந்தது.

நல்ல சாப்பாடு. அதே காரக்குழம்பு. சாந்தாக்கா எனக்கு வழக்கம்போல் ஒரு அப்பளம் அதிகம் வைத்தாள். முடித்ததும் நான் இலையை மடித்து இரண்டு கையாலும் தூக்கினேன்.

"ஏய், இன்னாடி பண்ற?" என்றாள் ஹரிணி. "வைடி. அக்கா எடுப்பாங்க."

"இல்லடி. எங்க வீட்டுல அவங்கவங்க இலைய..."

ஹரிணியின் அப்பா கையைக் காட்டி, "விடும்மா, வெச்சிட்டு வா" என்றார்.

மோர்ச் செம்போடு வந்துகொண்டிருந்த சாந்தாக்கா அங்கேயே நின்று சொன்னாள். "அது எடுத்துக்கும் சார். அவங்களுக்கு அதான் பழக்கம். நம்ம எலக்ட்ரீசியன் பொண்ணு. காலனி."

சாந்தாக்கா அதைக் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. இந்தப் பெண்ணுக்குக் கத்தரிக்காய் ஆகாது என்று சொல்வது போலச் சொன்னாள். அதுதான் என்னைச் சுட்டது. ஹரிணியின் அப்பா தூக்கிய கை கீழே இறங்கியது. தன் இலையைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. ரொம்ப நல்ல மாதிரி என்று மேலே எழுதியிருக்கிறேன். அதை அடிக்கவில்லை. ஆனால் ஒன்றும் சொல்லவில்லை.

நான் இலையோடு பின்சந்துக்குப் போனேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. மாடு தலையை ஆட்டியது. திரும்பி வந்தபோது அவர்கள் இருவர் இலையையும் கன்னியம்மா எடுத்துவிட்டு மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஹரிணி கண்ணாடி முன்னால் நின்று சோப்பு நுரையை ஊதிக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்ததும் என் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் சொன்னாள், "அதெல்லாம் இப்ப யாருடி பாக்கறாங்க? சும்மா ஓவரா திங்க் பண்ணாத."

"பாத்தாங்களே. இப்பதான பாத்தாங்க" என்றேன்.

வீட்டுக்கு வந்தேன். அம்மா ஒரு பிளவுஸுக்குக் கை வைத்துக்கொண்டிருந்தாள்.

"நீ ஏம்மா ஒரு நாளும் எங்ககூட மெஸ்ஸுக்கு வந்ததில்ல?"

"எனக்கு ஓட்டல் சாப்பாடு ஒத்துக்காதுன்னு எத்தினி தபா சொல்லிக்கிறேன்."

"நெஜத்த சொல்லு."

மெஷின் நின்றது. "யாரு இன்னா சொன்னாங்க?"

சொன்னேன். அம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"நீ பொறக்கறதுக்கு முன்னாடி. மெஸ்ஸுல ஃபேன் மாட்டறதுக்கு உங்கப்பாவக் கூப்ட்டிருந்தாங்க. வேல முடிஞ்சதும், சாப்ட்டுட்டுப் போன்னாராம். உள்ளயே உக்கார வெச்சாங்களாம். சாப்ட்டு எழுந்தப்புறம் அந்தாளு கிட்ட வந்து, 'தப்பா எடுத்துக்காத. இலைய மட்டும் நீயே எடுத்துக்கினு போயி பின்னாடி போட்டுரு. எனக்கு ஒண்ணும் இல்ல, வேல செய்யற பொம்பள தொட மாட்டேங்குது'ன்னாராம். இவரும் சரிண்ணேன்னுட்டு எடுத்துக்கினு வந்துட்டாரு. எங்கிட்ட வந்து சிரிச்சிக்கினே சொல்றாரு."

"சிரிச்சிக்கினேவா?"

"சிரிச்சிக்கினேதான். நான் சண்ட போட்டேன். இனிமே அந்த வாசப்படி மிதிக்காதன்னேன். 'உனக்கு ரோஷம் ஜாஸ்தி'ன்னாரு. 'எங்கப்பன் அந்தச் சந்துல நின்னு கையேந்தி வாங்கித் துன்னாரு. நான் உள்ள உக்காந்து துன்றேன். நாளைக்கு எம் புள்ள ஃபேனுக்கு அடியில உக்காந்து துன்னும். அது போதும்'ன்னாரு."

"சாதிக்காகவா மா?"

"பின்ன இன்னாத்துக்கு? நீதான் அவ்ளோ புக்கு படிக்கிறியே."

போதும் என்று சொன்னாயாம். உன் அப்பாவைவிட ஓர் அடி முன்னால் வந்துவிட்டாய், எனக்குப் புரிகிறது. சந்திலிருந்து கூடத்துக்கு வந்தாய். புரிந்த பிறகும் கோபம் போகவில்லை. கூடத்துக்கு வந்தவன், கூடத்திலிருந்து சந்துக்கு ஒவ்வொரு தடவையும் நடந்து போய்த்தானே அந்த இடத்தைத் தக்கவைத்துக்கொண்டாய்? வக்கீலும் முதலாளியும் டோக்கனுக்குக் கொடுத்ததைத்தான் நீயும் கொடுத்தாய். அதற்கு மேல் ஒன்று கொடுத்தாய். ஒரே விலை இல்லை அது. நமக்கு மட்டும் விலை கூட.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மெஸ்காரர் உன்னைவிடச் சின்னவர். உன்னை "வா பா", "நீ உக்காரு" என்பார். நீ அவரை "அண்ணே, நீங்க" என்பாய். இதை நான் சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்ததால் காதில் உறைக்கவே இல்லை. நானும் உன்னை 'நீ' என்றுதான் கூப்பிடுகிறேன், இந்தக் கடிதத்தில்கூட. நான் உன் மகள், உன் தோளில் தூங்கியவள், எனக்கு அந்த உரிமை உண்டு. அவருக்கு யார் கொடுத்தது? நீயா?

இன்று சனிக்கிழமை. நூலகத்துக்குப் போனேன், ஒரு வரிகூடப் படிக்கவில்லை. மதியம் ஹாரன் சத்தம் கேட்காதபோதும் எழுந்தேன். தனியாக நடந்து பச்சைக் கதவுக்குப் போனேன்.

"இன்னா பாப்பா, தனியாவா வந்துகிற? அம்மா நல்லாகீறாங்களா?" என்றார் மெஸ்காரர். உண்மையான அக்கறைதான். டோக்கன் வாங்கினேன். ஃபேனுக்கு நேர் கீழே, நீ உட்காரும் இடத்தில் உட்கார்ந்தேன். எதிரில் ஒருவர் வேகவேகமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இன்றைக்கு முருங்கைக்காய் சாம்பார், பூசணிக்காய்க் கூட்டு. சாந்தாக்கா ஒரு அப்பளம் அதிகம் வைத்தாள். அந்த அப்பளத்தை என்ன செய்வது என்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். சின்ன வயதிலிருந்து அவள் வைத்த அப்பளங்களை எல்லாம் எப்படித் திருப்பிக் கொடுப்பது? கடைசியில் சாப்பிட்டுவிட்டேன். சோறு இறங்கவில்லை. ஆனாலும் ரசத்துக்கும் மோருக்கும் மறுபடி சாதம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். பாதியில் ஓடிப்போனவளாக இருக்கக் கூடாது என்று தோன்றியது.

இலையை மடித்தேன்.

அப்பா, என் கை தானாகவே இலைக்கு அடியில் போனது. நான் போகச் சொல்லவில்லை. இடது கை சொட்டாமல் இருக்க ஏந்திக்கொள்ளத் தயாராக வந்துவிட்டது. நீ பழக்கியது அவ்வளவு ஆழத்தில் இருக்கிறது. இரண்டு கையையும் இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அப்புறம் எழுந்து, இலையை அங்கேயே விட்டுவிட்டு, உள்பக்கம் நடந்தேன்.

"பாப்பா" என்றாள் சாந்தாக்கா.

"இன்னாக்கா?"

"இலை மா."

"அங்கதான் இருக்குதுக்கா."

"அது சரி, எடுத்துக்கினு போ."

"அன்னிக்கி ஹரிணியோட இலைய யாருக்கா எடுத்தாங்க?"

சாந்தாக்கா கல்லாப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். எதிரில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவரின் கை பாதி வழியில் நின்றது. மெஸ்காரர் எழுந்து வந்தார். கத்தவில்லை. தாழ்ந்த குரலில், எனக்குப் புத்தி சொல்கிற மாதிரி சொன்னார்.

"தபாரு பாப்பா. உங்கப்பா தங்கமான மனுசன். இத்தினி வருசத்துல ஒரு நாளு மொகம் சுளிச்சதில்ல. அவரு பேர கெடுக்காத."

"அவரு பேர நான் கெடுக்கல அங்கிள். ஏன் எங்க இலைய மட்டும் நாங்க எடுக்கணும்? அத மட்டும் சொல்லுங்க."

"எனக்கு ஒண்ணும் இல்லமா. சத்தியமா. வேல செய்யற கன்னியம்மா தொட மாட்டேங்குது. நான் இன்னா பண்றது, சொல்லு."

கன்னியம்மா நடையில்தான் வாளியோடு நின்றுகொண்டிருந்தார். கேட்டுவிட்டார்.

"யாரு, நானா?"

மெஸ்காரர் திரும்பினார்.

"நான் எப்பப்பா அப்டி சொன்னேன்?" கன்னியம்மா வாளியைக் கீழே வைத்தார். "நான் வேலைக்கு வந்த நாளாப் பாக்கறேன், அந்தாளு என்னத் தொடவே வுட மாட்டாரு. கைய நீட்டினா, 'இருக்கட்டும்மா, இருக்கட்டும்மா'ன்னு தூக்கிக்கினு பூடுவாரு. எம் மேல எரக்கப்பட்டு எடுக்கறாரு, நல்ல மனுசன்னு நான் நெனச்சிக்கினு கீறேன். எம் பேர சொல்லியா எடுக்க வெச்ச?"

உள்ளே தாளிக்கும் சத்தம் நின்றுவிட்டது. கன்னியம்மா மேசைக்கு வந்து என் இலையை எடுத்து வாளியில் போட்டார். அதில் ஏற்கெனவே நிறைய இலைகள் இருந்தன. என்னுடையது எது என்று அடுத்த நிமிஷம் எனக்கே தெரியவில்லை.

"போமா, போயி கைய கழுவு" என்றார். "காஞ்சிப் போவுது பாரு."

நான் கண்ணாடி முன்னால் நின்று கழுவினேன். சோப்பை நிறையத் தேய்த்தேன். கண்ணாடியில் எனக்குப் பின்னால் சாந்தாக்கா அப்பளக் கூடையைப் பிடித்தபடி நின்றிருந்தாள், மெஸ்காரர் கல்லாவுக்குப் போய் டோக்கன்களைக் கலைத்து மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தார். எதிர் மேசைக்காரர் சாப்பாட்டைத் தொடர்ந்தார். வெளியே வரும்போது யாரும் என்னைக் கூப்பிடவில்லை. இனி அடுத்த சனிக்கிழமை டோக்கன் கொடுப்பார்களா என்று தெரியாது. போய்க் கேட்பேன்.

அத்தனை வருஷமும் நீ ஒரு முறை, ஒரே ஒரு முறை, கன்னியம்மாவிடம் கேட்டிருக்கலாம். என் இலையைத் தொட மாட்டாயா என்று. அவர் கையை நீட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். நீ அவர் மனது நோகக் கூடாது என்று ஒதுங்கினாய், அவர் உனக்குப் பெரிய மனது என்று ஒதுங்கினார், நடுவில் ஒருவர் கல்லாவில் உட்கார்ந்து பொய் சொல்லிக்கொண்டிருந்தார். உன் நல்ல குணத்தை வைத்தே உன்னைச் சந்துக்கு அனுப்பினார்கள். அது எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

வீட்டுக்கு வந்தேன். அம்மா மெஷினை நிறுத்தாமலே கேட்டாள், "எங்க சாப்ட்ட?"

"மெஸ்ல."

மெஷின் நின்றது. "இலை?"

"அங்கியே கீது."

அம்மா எழுந்து வந்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். என் வலது கையை எடுத்து மூக்கருகே வைத்து மோந்து பார்த்தாள். ரொம்ப நேரம் வைத்திருந்தாள்.

"நல்ல சோப்பாத்தான் வெச்சிக்கிறானுங்க" என்றாள். திரும்பிப் போய் உட்கார்ந்தாள். மெஷின் உடனே ஓடவில்லை.

என் கோபம் இந்தக் கடிதத்தோடு தீரவில்லை. நீ எனக்குப் பொய் சொல்லியிருக்கக் கூடாது. அதே சமயம், நீ சொன்ன வார்த்தையை விட்டுவிடவும் என்னால் முடியவில்லை. நாம் தின்ற எச்சிலை இன்னொருவர் எடுக்க வைப்பது மரியாதை இல்லை. வாளியைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு போன கன்னியம்மாவைப் பார்த்தபோது அது சரி என்றுதான் தோன்றியது. ஒரு நாள் அந்த மேசையில் எல்லோரும் அவரவர் இலையை எடுக்கட்டும், அன்றைக்கு நானும் என்னுடையதை எடுக்கிறேன். வக்கீல் முதலில் எழுந்திருக்கட்டும். நான் மட்டும் என்றால் மாட்டேன்.

தை வந்தால் உனக்கு வருஷம் திரும்புகிறது. அம்மா உன் போட்டோவுக்கு முன்னால் தலைவாழை இலை போட்டுப் படைப்பாள். காரக்குழம்பு நான் வைக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். படைத்து முடிந்ததும் அந்த இலையில் நான்தான் உட்கார்ந்து சாப்பிடப் போகிறேன். சாப்பிட்ட பிறகு நான்காக மடித்து, இடது கையை அடியில் கொடுத்து, ஒரு சொட்டு சிந்தாமல் எடுப்பேன். யாரும் சொல்லி இல்லை. அது உன் இலை, அதனால்.